மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு: இந்த எண் எங்கிருந்து வந்தது?

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் இப்போது 150-க்கும் குறைவான புலிகளே இருக்கின்றன. இந்த எண்ணைச் செய்திகளில் பல முறை கேட்டிருப்பீர்கள். நாட்டின் அரச சின்னத்தில் இரண்டு புலிகள். தேசியக் கால்பந்து அணியின் பெயரே 'ஹரிமாவ் மலாயா'. காட்டிலோ 150கூட இல்லை.

சரி, ஒரு நிமிஷம். அடர்ந்த மழைக்காட்டில், ஆள் வாடை பட்டாலே ஒதுங்கிப் போகும் விலங்கு புலி. அதை யார் எண்ணினாங்க? எப்படி எண்ணினாங்க? கண்ணில் படாத புலிகளை என்ன செய்தாங்க?

இந்தக் கேள்விகளுக்கான விடை 1990களில், தென்னிந்தியாவின் நாகரஹொளே காட்டில் உருவானது. அதன் பின்னணியில் இருப்பவர் உல்லாஸ் காரந்த் என்ற கர்நாடக விஞ்ஞானி. அவர் உருவாக்க உதவிய கணக்கு முறைதான், மலேசியா உட்பட புலி வாழும் பல நாடுகளில் இன்று புழக்கத்தில் உள்ளது.

கணக்கு சரியாக இருந்தால் என்ன, கொஞ்சம் தப்பாக இருந்தால் என்ன என்று நினைக்கலாம். தப்பான கணக்கு ஒரு காட்டின் புலிகளையே இல்லாமல் ஆக்கிய கதையும் இதில் உண்டு. அதையும் பார்ப்போம்.

முன்பு எப்படி எண்ணினார்கள்?

கால்தடத்தை வைத்து எண்ணினார்கள்.

இந்தியாவில் 1960களில் இருந்து பல ஆண்டுகள் நடந்த வழக்கம் இது. ஆண்டின் குறிப்பிட்ட சில நாள்களில் வனக் காவலர்கள் காடு முழுக்க நடப்பார்கள். மண்ணில் புலியின் தடம் தெரிந்தால், அதன் மேல் கண்ணாடியை வைத்து வரைந்துகொள்வார்கள். பிறகு எல்லாத் தடங்களையும் ஒப்பிட்டு, 'இது ஒரு புலி, அது வேறொரு புலி' என்று பிரிப்பார்கள். கடைசியில் வருவது ஒரே ஒரு எண்.

1972-இல் இந்தியா முழுவதும் நடந்த முதல் கணக்கெடுப்பின் விடை 1,827. அந்த எண் தந்த அதிர்ச்சியில்தான் 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி 'புராஜெக்ட் டைகர்' திட்டம் தொடங்கியது. அந்த வகையில் பழைய முறைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அதில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன.

முதல் ஓட்டை: ஒரே புலியின் கால், ஈர மண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் பதியும். நடக்கும்போது ஒரு வடிவம், ஓடும்போது இன்னொரு வடிவம். கூண்டுப் புலிகளின் தடங்களை அனுபவமுள்ள அதிகாரிகளிடம் கொடுத்து, 'இவை எத்தனை புலிகளின் தடங்கள்?' என்று காரந்த் சோதித்துப் பார்த்தார். சரியான விடை வரவில்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. காட்டில் உள்ள ஒவ்வொரு புலியின் தடமும் கிடைத்துவிட்டது என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. பாறை மேல் நடந்த புலி? காவலர்கள் போகாத பள்ளத்தாக்கில் இருந்த புலி? அவற்றுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

யார் இந்த உல்லாஸ் காரந்த்?

1948-இல் பிறந்தவர். புகழ்பெற்ற கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். படித்தது பொறியியல். கொஞ்ச காலம் அந்த வேலையைப் பார்த்தார், விவசாயமும் செய்தார். பிறகு காட்டுயிர் ஆய்வுக்கு வந்தார். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் முதுகலையும், மங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1980களின் நடுவில் இருந்து நாகரஹொளே காடுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

நாகரஹொளே நமக்கு அந்நியமான இடம் இல்லை. அதை ஒட்டி பந்திப்பூர், பந்திப்பூரை ஒட்டி தமிழ்நாட்டின் முதுமலை, அங்கிருந்து சத்தியமங்கலம் என்று காடு தொடர்ந்து போகிறது. உலகிலேயே அதிகமான காட்டுப் புலிகள் ஒரே தொடர்ச்சியாக வாழும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

பொறியாளர் என்பதாலோ என்னவோ, 'இந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம்?' என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்குத் துணையாகக் கிடைத்தவர் ஜேம்ஸ் நிக்கோல்ஸ். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானியான இவர், விலங்குகளின் எண்ணிக்கையைக் கணித மாதிரிகள் மூலம் மதிப்பிடுவதில் உலகப் பெயர் பெற்றவர். காரந்த் 1995-இல் வெளியிட்ட ஆய்வும், இருவரும் சேர்ந்து 1998-இல் 'எக்காலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வும் புலிக் கணக்கெடுப்பின் போக்கையே மாற்றின.

பத்துமலைப் புறாக் கணக்கு

அவர்கள் பயன்படுத்திய யோசனை புதியது இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் என்ற ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மீன்களுக்கு இதைப் பயன்படுத்தினார். பெயர், 'பிடித்து விட்டு, மீண்டும் பிடிக்கும்' முறை. கேட்கச் சிக்கலாக இருந்தாலும் உள்ளே இருப்பது எளிய விகிதக் கணக்குதான்.

பத்துமலை அடிவாரத்தில் எத்தனை புறாக்கள் என்று உங்களைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். எல்லாவற்றையும் எண்ண முடியாது. ஒரு புறா பறந்து போகும், இன்னொன்று வந்து உட்காரும்.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் நாள் 100 புறாக்களைப் பிடித்து, காலில் ஒரு வளையம் மாட்டி விட்டுவிடுங்கள். அவை கூட்டத்தில் கலந்துவிடும். அடுத்த நாள் மறுபடியும் 100 புறாக்களைப் பிடியுங்கள். அதில் 20 புறாக்களின் காலில் வளையம் இருக்கிறது.

அப்படின்னா என்ன அர்த்தம்? நீங்கள் பிடித்ததில் ஐந்தில் ஒன்று வளையம் போட்டது. மொத்தக் கூட்டத்திலும் ஏறக்குறைய அதே விகிதம்தான் இருக்க வேண்டும். நீங்கள் மாட்டியது 100 வளையம். ஆக, மொத்தம் சுமார் 500 புறாக்கள். கண்ணில் பட்டவை 180 மட்டுமே. கண்ணில் படாத மீதிப் புறாக்களையும் கணக்கு உள்ளே கொண்டு வந்துவிட்டது.

இந்த முறையின் உயிர்நாடி அதுதான். பழைய முறை 'எத்தனை பார்த்தோம்?' என்று மட்டும் கேட்டது. புதிய முறை கூடவே இன்னொன்றும் கேட்கிறது: 'இருப்பதில் எவ்வளவு பங்கைத்தான் நம்மால் பார்க்க முடிந்தது?'

வரிகள்தான் அடையாள அட்டை

புலிக்கு வளையம் மாட்ட முடியுமா? தேவையே இல்லை. அது பிறக்கும்போதே அடையாள அட்டையோடுதான் பிறக்கிறது. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. ஒரே புலியின் வலப்பக்க வரியும் இடப்பக்க வரியும்கூட வேறு வேறுதான்.

அதனால் காட்டுப் பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு தானியங்கிக் கேமரா. புலி குறுக்கே போனால் இரண்டு பக்கமும் படம் விழும். முதல் தடவை விழுந்த படம் 'பிடித்தது'. அதே வரி மறுபடி விழுந்தால் 'மீண்டும் பிடித்தது'. விலங்கைத் தொட வேண்டியதே இல்லை.

இப்போது இரண்டு காடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் கேமராவில் 10 வெவ்வேறு புலிகள் விழுந்தன. முதல் காட்டில் அதே 10 புலிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே உள்ளவை பத்தோ, பத்துக்குச் சற்று மேலோதான். இரண்டாவது காட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் புதுப் புலி. அங்கே இன்னும் பல புலிகள் கேமராவில் சிக்காமல் இருக்கின்றன. வெறும் தலையை எண்ணினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மாதிரி வழியாகப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

இதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. கணக்கெடுப்பைக் குறுகிய காலத்தில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் புலிகள் சாகும், பிறக்கும், இடம் மாறும். எந்தப் புலியின் எல்லையும் கேமராவே இல்லாத பெரிய இடைவெளிக்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு புலியும் எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்ற இடவிவரத்தையும் கணக்கில் சேர்க்கும் மாதிரிகள் பின்னாளில் வந்தன. 2009-இல் வெளியான அப்படிப்பட்ட ஓர் ஆய்விலும் காரந்தின் பங்கு உண்டு.

சரிஸ்காவில் நடந்தது என்ன?

இது ஏதோ ஆராய்ச்சியாளர்களுக்கு இடையிலான சண்டை என்று நினைத்தால், ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தைப் பாருங்கள்.

2004-ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி அங்கே 16 முதல் 18 புலிகள். 2005-இன் தொடக்கத்தில் உண்மை வெளியே வந்தது. அங்கே ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள்.

காகிதத்தில் புலி இருந்தது. அதனால் யாரும் பதறவில்லை, கூடுதல் காவல் போடவில்லை. எண்ணிக்கை ஒரே சீராகத் தெரிந்துகொண்டிருந்த காலத்தில்தான் காடு காலியாகிக்கொண்டிருந்தது. 2009-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்திலும் புலிகள் முற்றாக அழிந்துபோனது உறுதியானது. பிறகு இரண்டு இடங்களுக்கும் வேறு காடுகளில் இருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

சரிஸ்கா விவகாரம் வெடிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2003-இல், கால்தட முறையில் அறிவியல் அடிப்படை இல்லை என்று காரந்தும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் கட்டுரை எழுதியிருந்தார்கள். அப்போது பெரிதாக எதுவும் மாறவில்லை. சரிஸ்காவுக்குப் பிறகுதான் அரசாங்கம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. கால்தடக் கணக்கு கைவிடப்பட்டது.

எண் பாதியாகக் குறைந்தது ஏன்?

2002-இல் கால்தட முறைப்படி இந்தியப் புலிகள் 3,642. புதிய முறையில் நடந்த 2006 கணக்கெடுப்பின் விடை 1,411. நான்கு ஆண்டில் 2,200 புலிகள் செத்துவிட்டனவா?

அப்படிச் சொல்ல முடியாது. அளவுகோலே மாறிவிட்டது. முதல் எண் எவ்வளவு தப்பு என்று யாருக்கும் தெரியாத நிலையில், இரண்டையும் கழித்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. 1,411 என்பதும் உண்மையில் ஒற்றை எண் கிடையாது. 1,165 முதல் 1,657 வரை இருக்கலாம் என்பதே முழு விடை. தன் பிழை எவ்வளவு என்று தானே சொல்லும் எண் அது. பழைய எண்ணிடம் அந்த நேர்மை இல்லை.

அதன் பிறகு 2010-இல் 1,706, 2014-இல் 2,226, 2018-இல் 2,967 என்று மதிப்பீடு ஏறியது. 2022-இல் சராசரி 3,682.

இங்கேயும் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. கேமரா வைத்த இடங்களில் கிடைத்த விடையை, கேமரா வைக்காத காடுகளுக்குத் தடயங்கள் வழியாக நீட்டிப் பார்க்கும் வழி தேசியக் கணக்கெடுப்பில் இருந்தது. அந்த வழி நம்பகமானது இல்லை என்று 2015-இல் காரந்தும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். கணக்கெடுப்பை நடத்திய இந்திய வனவிலங்குக் கழக விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. தங்கள் தரப்பை அவர்களும் ஆய்விதழில் முன்வைத்தார்கள்.

இதற்கிடையில் கேமராக்கள் பெருகின. 2018-இல் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். 2,461 தனித்தனிப் புலிகள் படத்தில் பதிந்தன. அதாவது மதிப்பீட்டில் 83 விழுக்காடு. படத்தில் நேரடியாகப் பதியும் பங்கு கூடக் கூட, நீட்டிப் பார்க்க வேண்டிய பங்கு குறைகிறது. ஆனாலும், மூலத் தரவுகளை வெளி ஆய்வாளர்கள் சரிபார்க்கத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைக் காரந்த் கைவிடவில்லை.

தாமான் நெகாராவுக்கு வந்த முறை

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1999 முதல் 2001 வரை, தாமான் நெகாராவில் கே கவானிஷி என்ற ஆய்வாளர் இந்த முறையைப் பயன்படுத்தினார். அவரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிய மெல்வின் சன்குயிஸ்ட், புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். நாகரஹொளே ஆய்வுகளில் காரந்தோடும் சேர்ந்து எழுதியவர் அவர்தான். முறை இங்கே வந்து சேர்ந்த வழி அப்படி.

மூன்று இடங்கள், ஒவ்வொன்றும் 200 சதுர கிலோமீட்டர். 2004-இல் முடிவு வெளியானது. 100 சதுர கிலோமீட்டருக்கு 1.10 முதல் 1.98 புலிகள் மட்டுமே. 4,343 சதுர கிலோமீட்டர் பூங்கா முழுவதும் இதே அடர்த்தி என்று வைத்தால், 52 முதல் 84 வளர்ந்த புலிகள்.

அதன் பிறகு, கிளந்தானின் குனோங் பாசோர் வனத்தில் உள்ளூர் ஆய்வாளர்கள் இதே வழியில் ஆய்வு செய்தார்கள். 2009-இல் வெளியான அந்த முடிவு பலருக்கும் வியப்பு. தேர்ந்தெடுத்து மரம் வெட்டப்பட்ட அந்தக் காட்டில் 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2.6 புலிகள். 'மரம் வெட்டிய காடுதானே, அங்கே என்ன இருக்கப் போகுது' என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை எண்ணே சொல்லிவிட்டது.

நம் காட்டில் ஏன் இவ்வளவு குறைவு?

1998 ஆய்வின்படி நாகரஹொளேயில் 100 சதுர கிலோமீட்டருக்கு 11.5 புலிகள். அசாமின் காசிரங்காவில் 16.8. தாமான் நெகாராவை நாகரஹொளேயோடு ஒப்பிட்டால், அங்கே ஏறக்குறைய ஆறு முதல் பத்து மடங்கு அதிகம். நாம் சரியாகப் பாதுகாக்கவில்லை என்பது மட்டும்தான் காரணமா?

இல்லை. இங்கே காரந்தின் இன்னொரு ஆய்வு கை கொடுக்கிறது. 2004-இல் வெளியான அந்த மாதிரி, ஒரு காட்டில் எவ்வளவு இரை இருக்கிறது என்று தெரிந்தால் எத்தனை புலிகள் வாழ முடியும் என்று கணிக்கிறது. ஒரு புலிக்கு ஆண்டுக்கு மான் அளவிலான சுமார் 50 விலங்குகள் வேண்டும். இரை விலங்குகளில் பத்தில் ஒரு பங்கைத்தான் புலி எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒரு புலி வாழ சுமார் 500 இரை விலங்குகள் அந்தக் காட்டில் இருக்க வேண்டும்.

மழைக்காட்டில் உணவு பெரும்பாலும் மேலே, மர உச்சியில் இருக்கிறது. தரையில் புல் குறைவு. அதனால் மான்களும் இயற்கையாகவே குறைவு. மலாயாப் புலி என்றுமே நாகரஹொளே அடர்த்திக்கு வரப்போவதில்லை.

அதனால்தான் இங்கே ஒவ்வொரு கடமானும் கணக்கில் வருகிறது. 2009-இல் கடமான், கேளையாடு வேட்டைக்கு இங்கே தடை வந்ததை இந்தக் கோணத்தில் பாருங்கள். பிறகு, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் நாட்டுக்குள் வந்தபோது, 'காட்டுப்பன்றி குறைந்தால் புலி என்ன சாப்பிடும்?' என்று வனத்துறையினர் கவலைப்பட்டதும் இதனால்தான். மானைக் காப்பதும் புலியைக் காப்பதும் ஒரே வேலைதான்.

500-இல் இருந்து 150: மீதி 350 புலிகள் எங்கே?

1950களில் 3,000 புலிகள். 2008-இல், தேசியப் புலி செயல்திட்டம் வந்தபோது 500. அந்தத் திட்டத்தின் இலக்கு 2020-க்குள் 1,000. 2014-இல் சொல்லப்பட்ட எண் 250 முதல் 340. அடுத்து 150-க்கும் குறைவு. நாம் அடிக்கடி பார்க்கும் வரிசை இது.

இந்த எண்களை ஒரே படிக்கட்டில் வைத்து 'இறங்கிட்டே வருது' என்று சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. 3,000 என்பது அந்தக் காலத்து அனுமானம், கேமராவும் மாதிரியும் இல்லாத காலம். 500 என்பதும் நாடு முழுக்க ஒரே முறையில் அளந்து வந்த விடை இல்லை. ஏனென்றால், நாட்டின் முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு நடந்ததே 2016 முதல் 2020 வரைதான். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா துறையும் அரசு சாரா அமைப்புகளும் சேர்ந்து நடத்திய அந்தக் கணக்கெடுப்பின் விடைதான் 150-க்கும் குறைவு.

எனவே 500-இல் இருந்து 150-ஐக் கழித்து '350 புலிகள் போயின' என்று சொல்ல முடியாது. ஒரு பகுதி உண்மையான இழப்பு. இன்னொரு பகுதி, முன்பே இல்லாத புலிகளை இருப்பதாக நினைத்திருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க, பழைய அளவீடு நம்மிடம் இல்லை.

'அப்போ நிலைமை அவ்வளவு மோசமில்லைதானே?' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நிலைமை மோசம்தான். 2015-இலேயே மலாயாப் புலி, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. அளவு சரியில்லாத காலத்தில் எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாமல் இழந்திருக்கிறோம் என்பதுதான் இதில் கூடுதல் வேதனை. சரிஸ்காவின் பாடம் இங்கேயும் பொருந்தும்.

ஊருக்குள் புலி வருதே, கூடிருச்சா?

தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பால்வெட்டுக்குப் போகும் வழியில் புலித்தடம் பார்த்த கதை ஒன்றாவது கேட்டிருப்பீர்கள். இப்போதும் செம்பனைத் தோட்டத்தில் புலி, சாலையைக் கடக்கும் புலி என்று காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 2023-இல் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி உயிரிழப்புகளும் நிகழ்ந்தன. 'புலி குறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்க, ஆனா இங்க வந்து நிக்குதே' என்று அங்குள்ளவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

கணக்கு முறை தெரிந்தால் பதிலும் தெரியும். ஒரு விலங்கு கண்ணில் படுவது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை இருக்கின்றன, கண்ணில் படும் வாய்ப்பு எவ்வளவு. காடு துண்டானால், நடுவில் சாலை போனால், உள்ளே இரை குறைந்தால், புலி வெளியே வரும். அப்போது எண்ணிக்கை குறைந்தாலும் கண்ணில் படுவது கூடும். ஒரே புலி மூன்று இடத்தில் தெரிந்தால் மூன்று காணொளி வரும். வரியைப் பார்த்தால்தான் அது ஒரே புலி என்று தெரியும்.

இதைச் சொல்வதால் அந்த மக்களின் பயம் பொய்யாகிவிடாது. காட்டோரம் வாழும் பூர்வக்குடி மக்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஒரு புலி வந்தாலே ஆபத்துதான். எத்தனை புலி என்று மாதிரி சொல்லும். அந்தப் புலியோடு யார், எந்தப் பாதுகாப்போடு வாழ்வது என்பதை அரசாங்கமும் சமூகமும்தான் தீர்மானிக்க வேண்டும்.

எண்ணத் தெரிந்தால் போதுமா?

போதாது. ஏன் என்று காரந்த் குழுவின் இன்னொரு ஆய்வே காட்டுகிறது.

நாகரஹொளேயில் 1991 முதல் 2000 வரை சேர்த்த படங்களை வைத்து, 2006-இல் ஒரு முடிவு வெளியானது. 74 புலிகள் அடையாளம் காணப்பட்டன. ஆண்டுதோறும் சுமார் 23 விழுக்காட்டுப் புலிகள் அந்த இடத்தை விட்டு மறைந்தன. சில செத்தன, சில வேறு இடம் தேடிப் போயின. இருந்தும் மொத்த எண்ணிக்கை விழவில்லை. இரை ஏராளம், குட்டிகள் பிழைத்தன, புதியவை வந்து இடத்தை நிரப்பின.

அதாவது, இரை நிறைந்த, நன்கு காவல் காக்கப்படும் காடு இழப்பைத் தாங்கும். இரை குறைந்த காட்டில், 100 சதுர கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு புலிகள் உள்ள இடத்தில், கம்பிக் கண்ணியில் ஒரு பெண் புலி மாட்டினால் அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை. கண்ணி புலியை மட்டும் பிடிப்பதும் இல்லை. அதன் இரையையும் சேர்த்தே பிடிக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது பிழையின் அளவு பெரிதாகத் தெரியும். தாமான் நெகாராவின் '52 முதல் 84' விடையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் '45 முதல் 75' என்று வந்தால், குறைந்ததா, அப்படியே இருக்கிறதா? உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்கு வீழ்ச்சி தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அதனால் அடுத்த கணக்கெடுப்பு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. பிரதமர் தலைமையிலான தேசியப் பணிக்குழு, வனவிலங்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 10 லட்சம் ரிங்கிட் வரையிலான அபராதம், 15 ஆண்டு வரையிலான சிறை, பகாங்கில் தாமான் நெகாராவை ஒட்டி அமைந்துள்ள அரச புலிக் காப்பகம் எல்லாம் கடந்த சில ஆண்டுகளில் வந்தவை. இவற்றுக்குப் பலன் இருக்கிறதா என்பதை, அதே கேமராக்கள், அதே இடங்கள், அதே முறை என்று தொடர்ந்து அளந்தால்தான் சொல்ல முடியும். அளப்பதும் காப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

அடுத்த முறை புலி எண்ணிக்கை செய்தியில் வரும்போது

நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இந்த எண் எந்த முறையில் வந்தது? கேமராவா, தடயமா, அனுமானமா?

இரண்டு: பிழையின் எல்லை என்ன? 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று சொல்லும் எண்ணை, ஒற்றை எண்ணைவிட அதிகம் நம்பலாம்.

மூன்று: முந்தைய எண்ணும் இதே முறையில் வந்ததா? இல்லையென்றால் 'கூடியது', 'குறைந்தது' என்ற தலைப்பை உடனே நம்ப வேண்டாம்.

நான்கு: தரவுகளை வெளி ஆய்வாளர்கள் சரிபார்த்தார்களா?

இந்தக் கேள்விகள் புலிக்கு மட்டும் உரியவை அல்ல. யானை, தாப்பிர், மீன்வளம் என்று எந்த எண் வந்தாலும் கேட்கலாம். 150-க்கும் குறைவு என்பது கேட்கக் கசப்பான எண். ஆனால் அளந்து சொன்ன எண். இல்லாத புலிகளைக் காகிதத்தில் காத்துக்கொண்டிருப்பதைவிட, இருக்கும் புலிகள் இவ்வளவுதான் என்று தெரிந்து காவல் போடுவது நல்லது. சரிஸ்காவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. நமக்கு இன்னும் இருக்கிறது.